அவுட்புட் என்ன?

கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகும் மாணவனிடம் கட்டாயம் ஒரு ஜெராக்ஸ் கட்டு இருக்கும். சீனியரிடமிருந்து ஜூனியருக்கு, அங்கிருந்து பக்கத்து ரூமுக்கு என்று கைமாறி எழுத்தே மங்கிப் போயிருக்கும். அதில் சி கேள்விகளில் பாதி "அவுட்புட் என்ன?" ரகம்தான். அந்த ரகத்தின் சூப்பர் ஸ்டார் இது: ஐ-யின் மதிப்பு 5. ஒரே பிரிண்ட்எஃப்-க்குள் ஐ++, ++ஐ இரண்டையும் கொடுத்தால் என்ன அச்சாகும்?

டர்போ சி-யில் ஓட்டினால் 6 6. வலமிருந்து இடமாகக் கணக்கிடுகிறது, அதனால்தான் என்று விளக்கமும் சொல்வார்கள். சரி, அதையே ஜிசிசி-யில் ஓட்டினால் பெரும்பாலும் 6 7 வரும். கிளாங்கில் 5 7! எந்த கம்பைலர் தப்பு? எதுவுமே இல்லை. எதை முதலில் கணக்கிட வேண்டும் என்று 1989-இல் வந்த சி தர விதி சொல்லவே இல்லை. அதோடு, இடையில் நிறுத்தம் இல்லாமல் ஒரே வேரியபிளை இரண்டு முறை மாற்றினால் அது அன்டிஃபைன்ட் பிஹேவியர். என்ன வந்தாலும் கம்பைலரைக் கேட்க முடியாது.

கொடுமை என்னவென்றால், நாலு ஆப்ஷனில் 'அன்டிஃபைன்ட்' இல்லாத தாளில், விஷயம் தெரிந்தவனுக்கு மார்க் போச்சு. மனப்பாடம் செய்தவனுக்கு மார்க், அடுத்த ரவுண்டு, ஒருவேளை வேலையும்கூட. 'கம்பைலரைப் பொறுத்தது' என்று ஓர் ஆப்ஷன் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை டிக் செய்துவிடலாம்.

32767-உடன் 1 கூட்டினால் -32768 என்பதும் இதே கதைதான். டர்போ சி 1987-இல் டாஸுக்காக வந்தது, அதில் இன்ட் 2 பைட். 4 பைட் இன்ட் உள்ள கம்பைலரில் சாதுவாக 32768 வரும்.

நல்ல அவுட்புட் கேள்விகளும் இருக்கின்றன. 010 என்று எழுதினால் ஏன் 8 அச்சாகிறது? முன்னால் பூஜ்யம் போட்டால் அது ஆக்டல். பிரிண்ட்எஃப்-க்குள் இன்னொரு பிரிண்ட்எஃப் போட்டால்? உள்ளே இருப்பது தான் அச்சிட்ட பைட்டுகளின் எண்ணிக்கையைத் திருப்பித் தரும், வெளியே இருப்பது அதை அச்சிடும். ஆங்கிலத்தில் ஹலோ என்றால் 5. தமிழில் 'வணக்கம்' போட்டுப் பாருங்கள், யூடிஎஃப்-8 என்றால் 21 வரும். புள்ளிகளையும் தனியாக எண்ணினால் 7 குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட்.