பட்டிக்கு அடியில்

அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு பதினேழு வருடம் ஷெட்டில் நின்றது. அதன் மேல் நெல் மூட்டை அடுக்கியிருக்கிறோம், தண்ணீர்க் குழாயைச் சுருட்டி வைத்திருக்கிறோம். ஒரு தடவை பின் சீட்டில் பூனை குட்டி போட்டது. வங்கி வேலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கரூருக்குத் திரும்பிய மாதம், கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன்.

ஹெரால்டில் பானெட்டைத் தூக்குவது மூடியைத் திறக்கிற வேலை அல்ல. வெளியே இரண்டு பக்கமும் ஒவ்வொரு கொக்கி இருக்கும். இரண்டையும் விடுவித்து முன்னால் சாய்த்தால் பானெட், இரண்டு ஃபெண்டர், ஹெட்லைட் எல்லாம் ஒரே துண்டாகச் சாய்ந்துவிடும். அப்புறம் முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜின் வேலை பார்க்கலாம். அன்றைக்கு அப்படிச் சாய்த்தபோது இடப்பக்க ஃபெண்டரின் கீழிருந்து ஒரு கைப்பிடி துரு கொட்டியது. கதவுக்குக் கீழே ஓடும் தகட்டில் விரலை வைத்தேன். விரல் உள்ளே போய்விட்டது.

இந்தக் காரின் பிறப்பே கொஞ்சம் விநோதமானது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கார்களுக்கு உடல் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனி 1953இல் பி.எம்.சி. என்கிற போட்டிக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அடுத்த காருக்கு முழு உடலையும் ஒரே இடத்தில் அச்சடித்துத் தர ஆள் இல்லை. வேறு வழியின்றி அடியில் தனியாக ஒரு சேஸிஸ் போட்டு, உடலைத் துண்டு துண்டாகப் பிரித்து வெவ்வேறு ஆலைகளில் செய்து, போல்ட் போட்டுச் சேர்த்தார்கள். உருவம் வரைந்து கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1959இல் அங்கே டிரையம்ப் ஹெரால்டு என்று வந்தது, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. எங்கோ யாரோ கம்பெனி கைமாற்றிக்கொண்டதன் பலனாக, எழுபது வருடம் கழித்துக் கரூரில் ஒருவன் நாலு ஸ்பேனரை வைத்துக்கொண்டு காரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்ற முடிகிறது. கழற்றினேன். கழற்றிய பிறகுதான் மாட்டுவதற்குப் புதுத் தகடு எங்கேயும் இல்லை என்று தெரிந்தது. கோயம்புத்தூரில் பழைய உதிரிபாகம் விற்பவர், "ஹெரால்டுக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். விலையைக் கேட்கும் வாய்ப்பைக்கூட அவர் தரவில்லை.

நாமே செய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்தது அந்தச் சிரிப்பினால்தான்.

ஃபைபரில் செய்யச் சொன்னவர்கள் உண்டு. ஃபைபர் ஒன்றும் கேவலமில்லை. 1953இலேயே செவ்ரோலெட் கார்வெட்டுக்கு முழு உடலும் ஃபைபரில் போட்டிருக்கிறார்கள். இருக்கும் தகட்டுக்கு மெழுகு தடவி, அதன்மேல் அச்சு எடுத்து, அச்சுக்குள் கண்ணாடி நார் மேட்டை விரித்து ரெசின் பூசினால் வேலை முடிந்தது. ஆனால் அச்சு எடுக்க முழுசாக ஒரு தகடு வேண்டும். என்னுடையது முறத்தில் அள்ளுகிற நிலையில் இருந்தது. தவிர, ரெசினில் கலக்கும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேருக்கு நேர் சேர்த்தால் வெடித்துவிடும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே மற்றதை விட வேண்டும். மருந்து பாட்டிலையே மாற்றிக் குடிக்கிற ஆள் நான். இரும்பே போதும் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

தகடு வாங்கப் போன இடத்திலேயே முதல் தப்பு. துருப் பிடிக்காதாமே என்று துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட்டை வாங்கி வந்தேன். ஷெட்டின் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் வெல்டிங் வைத்தேன். வெள்ளை வெள்ளையாகப் புகை வந்தது. அன்று இரவு பல் கிட்டுகிற குளிர் ஜுரம். துத்தநாகப் புகையை இழுத்தால் அப்படித்தான் வரும் என்று மறுநாள் தெரிந்துகொண்டேன். பிறகு வாங்கியது 20 கேஜ் சி.ஆர். ஷீட், சுமார் 0.9 மில்லிமீட்டர் கனம். எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒன்று 21 கிலோ. ஆட்டோவில் கொண்டுவர முடியாது, மாட்டுத் தீவன வண்டியில் வந்தது.

கதவுக்குக் கீழே ஓடும் தகட்டை முதலில் எடுத்தேன். அது காரின் பாரத்தைத் தாங்குவதில்லை, போல்ட்டில் தொங்குகிறது, வளைவும் ஒரே திசையில்தான். மடிப்பு மெஷினுக்குப் பதிலாக இரண்டு எல்-ஆங்கிள் கம்பிகளுக்கு நடுவே தகட்டைக் கொடுத்து, சி-கிளாம்ப் போட்டு இறுக்கி, கொட்டாப்புளியால் ஓரத்தைத் தட்டித் தட்டி மடித்தேன். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் அங்கே மட்டும் மடிந்து மற்ற இடம் அலையாக நிற்கும். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பத்துப் பத்துப் பாகையாகப் படுக்கவைக்க வேண்டும். மூன்று நாளில் முடிந்தது. மாட்டினால் போல்ட் துளைகள் நேராக உட்கார்ந்தன. அந்த ஒரு வாரம் வீட்டில் என்னோடு யாராலும் பேச முடியவில்லை. வந்தவர்களை எல்லாம் ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

அடுத்தது இடப்பக்க ஃபெண்டர், சக்கரத்துக்குப் பின்னால் உள்ள கீழ்ப் பாகம். கண்ணுக்கு அது சாதாரணம். கையால் தடவினால்தான் மேலிருந்து கீழாகவும் முன்னிருந்து பின்னாகவும் ஒரே நேரத்தில் வளைகிறது என்பது தெரியும். வலப்பக்க ஃபெண்டர் பார்க்க முழுசாக இருந்தது. அதன் மேல் செய்தித்தாளை விரித்து ஒட்டப் பார்த்தேன். சில இடங்களில் காகிதம் சுருங்கி மடிப்பு விழுந்தது; சில இடங்களில் பற்றாமல் கிழிந்தது. மடிப்பு விழும் இடத்தில் தகட்டைச் சுருக்க வேண்டும், கிழிகிற இடத்தில் விரிக்க வேண்டும். எட்டிப் பார்த்த மனைவி, "இதுக்குத்தான் ஜாக்கெட்டுக்கு டாட் பிடிக்கிறோம்" என்றாள். முப்பது வருடமாக அந்தத் தையல் மெஷின் சத்தத்தைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

அளவு எடுக்கக் கல்யாணப் பத்திரிகைகள் உதவின. இந்தக் காலத்துப் பத்திரிகை அட்டை நல்ல விறைப்பு. இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் பதினோரு அட்டைகளை வலப்பக்க ஃபெண்டரின் வளைவுக்கு ஏற்ப வெட்டினேன். அவற்றைத் திருப்பிப் பிடித்தால் இடப்பக்கத்தின் வளைவு. இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. இனி எதற்கு என்று, வெட்டி எடுத்த துருப்பிடித்த இடப்பக்கத் துண்டைப் பழைய இரும்புக் கடையில் மற்ற குப்பையோடு எடை போட்டுக் கொடுத்துவிட்டேன்.

தட்ட ஆரம்பித்தேன். பழைய கான்வாஸ் பையில் சலித்த மணலைக் கட்டி, கறிக்கடையில் இருப்பதுபோன்ற புளியமரக் கட்டை மேல் வைத்து, தகட்டை அதன்மேல் போட்டுக் கொட்டாப்புளியால் அடித்தேன். குழிந்தது. குழிந்தது பிடித்துப்போய் இன்னும் அடித்தேன். காலை பத்திலிருந்து மாலை நாலு வரைதான் அடிக்கலாம், நடுவில் எதிர் வீட்டு ஆத்தா தூங்கும் நேரம் விடுமுறை என்று ஏற்பாடு. பத்தாம் நாள் தகடு வேண்டிய உருவத்துக்கு ஏறக்குறைய வந்துவிட்டது. ஆனால் நடுவில் விரலால் அழுத்தினால் காலி எண்ணெய் டின்னின் அடிப்பாகம் மாதிரி "டபக்" என்று உள்ளே போகும், விட்டால் "டபக்" என்று வெளியே வரும். அந்த இடத்தைத் தட்டிச் சமன் செய்யப் பார்த்தேன். தட்டத் தட்ட டபக் பெரிதானது.

தெருமுனையில் ஒரு டிங்கர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் முப்பது வருடம் இருந்துவிட்டுப் பிறகு தனியாகக் கார் வேலை பார்த்தவர். சத்தம் கேட்டுத்தான் வந்தார். தகட்டைக் கையில் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு தடவினார்.

"தட்டித் தட்டியே கொன்னுபோட்டீங்களே, தம்பி."

"மேடா நிக்குதுங்கண்ணா. தட்டுனா படியும்னு…"

"எங்கீங்க படியும்? அடி விழ விழத் தகடு விரிஞ்சுட்டுப் போகுது. விரிஞ்ச தகடு நிக்க எடமில்லாம எங்கயாச்சும் துள்ளத்தானே செய்யும்?"

எவ்வளவு எளிய கணக்கு. தகட்டில் இருக்கும் இரும்பு எங்கும் போய்விடுவதில்லை. அடிபட்ட இடத்தில் மெலிந்து பரப்பளவு கூடுகிறது. சுற்றியிருப்பது இடம் கொடுக்காததால் நடுப்பாகம் குதிக்கிறது. வங்கியில் முப்பது வருடம் வரவையும் செலவையும் நேர் செய்தவனுக்குச் சதுர அங்குலத்தில் அதே கணக்கு புரியவில்லை. அவர் கேஸ் டார்ச்சை எடுத்து நடு இடத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சிவக்கக் காய்ச்சினார். பின்னால் டாலி என்கிற இரும்புக் கட்டியைக் கொடுத்து இரண்டே தட்டு. ஈரத் துணியை வைத்தார். "சொய்ங்" என்றது. சூடான இரும்பு விரியப் பார்க்கிறது, சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடுவதில்லை, அதனால் அங்கேயே தடித்துக்கொள்கிறது. ஆறும்போது சுற்றியிருப்பதையும் உள்ளே இழுக்கிறது. அப்படி ஏழு புள்ளி வைத்தார். டபக் போய்விட்டது. நான் பத்து நாளில் கூட்டிய இரும்பை அவர் கால் மணி நேரத்தில் கழித்தார்.

வெல்டிங் வைக்கும் நாளன்றும் வந்து பக்கத்தில் நின்றார். நான் கோடு இழுத்தாற்போல ஒரே ஓட்டமாக வைக்கப் போனேன், கையைப் பிடித்துவிட்டார். இங்கே ஒரு பொட்டு, அரை அடி தள்ளி ஒரு பொட்டு, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறின பிறகு நடுவில் ஒன்று. ஒரே ஓட்டமாக வைத்திருந்தால் தகடு பொரித்த அப்பளமாகியிருக்கும். இதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. சலிப்பு, அவ்வளவுதான். முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

பானெட்டை இறக்கினோம். வலப்பக்கக் கொக்கி "கிளிக்" என்று மாட்டியது. இடப்பக்கக் கொக்கி எட்டவில்லை. ஃபெண்டரின் பின் விளிம்பு உடலிலிருந்து சுண்டுவிரல் அளவுக்கு வெளியே தள்ளி நின்றது. அட்டைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். பதினொன்றும் பொருந்தின. தகடு சரி, கார்தான் தப்பு என்று சொல்லவேண்டிய நிலை.

அவர் என் தகட்டைப் பார்க்கவே இல்லை. வலப்பக்கம் போனார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன காந்தத்தை எடுத்து, பானெட்டில் ஒட்டவைத்து, அப்படியே ஃபெண்டரில் கீழாக இழுத்தார். சக்கரத்துக்குப் பின்னால் வந்ததும் காந்தம் பிடி விட்டுக் கீழே விழுந்தது.

"பட்டி," என்றார். "அரை அங்குலத்துக்கு மேல இருக்கும்."

என்றைக்கோ வலப்பக்கம் அடிபட்டிருக்கிறது. யாரோ ஒரு டிங்கர் பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்து, பார்ப்பவருக்குத் தெரியாதபடி முடித்திருக்கிறார். கொஞ்சம் தாராளமாகவே பூசிவிட்டார். மிக்கெலோட்டியின் கோடு என்று நம்பி நான் பதினோரு கல்யாணப் பத்திரிகையில் வெட்டி எடுத்தது அந்தப் பெயர் தெரியாதவரின் கைப்பூச்சை. அசல் வளைவு இருந்த ஒரே துண்டு, துருவாவது துரு, இடப்பக்கத்தில் இருந்தது. அதைத்தான் எடைக்குப் போட்டேன். ஓடினேன், கடைக்காரர், "போன வாரமே லோடு போயிருச்சுங்க" என்றார்.

அம்மாவிடம் கேட்டேன். அப்பா வண்டியை எங்காவது மோதினாரா என்று. "உங்கப்பாவா? அவரு வண்டி ஓட்டுனா எறும்புகூடச் சாவாது" என்றாள். சற்று நேரம் கழித்து, "கொடுமுடி போயிட்டு ஒரு தடவை ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்தாரு. வண்டி ரிப்பேருன்னாரு" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை.

டிங்கர் அண்ணன் கொக்கியிலிருந்து பின்னோக்கி அளந்து, என் தகட்டில் ஒரு கீறல் போட்டுக் கொடுத்தார். அந்தக் கோட்டில் வெட்டி, விளிம்பை மறுபடி மடித்து ஒட்டினேன். இடப்பக்கமும் இப்போது "கிளிக்" என்கிறது, கொஞ்சம் கனத்த குரலில். இரண்டு ஃபெண்டரும் ஒரே மாதிரி இல்லை. முன்னால் நின்று பார்த்தால் தெரியாது, எனக்குத் தெரியும்.

"வலப்பக்கத்தையும் பிரிச்சுடலாமுங்களா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

பானெட்டைச் சாய்த்து, டயரின் மேல் உட்கார்ந்து, டார்ச் அடித்து ஃபெண்டரை உள்பக்கமாகப் பார்த்தேன். அந்த ஆளின் சுத்தியல் தடங்கள் அப்படியே இருக்கின்றன. நெருக்கமாக, ஒரே ஆழத்தில், வரிசை பிசகாமல். உள்தகடு குறுக்கே வந்து சுத்தியல் நுழைய இடமில்லாத புள்ளியில் அவை நின்றுவிடுகின்றன. அதற்கு மேல்தான் பட்டியை எடுத்திருக்கிறார். டார்ச்சை இடப்பக்கம் திருப்பினேன். அங்கே என் தடங்கள், அம்மை போட்ட முகம் மாதிரி.

வலப்பக்கத்தை இன்னும் பிரிக்கவில்லை.