நிழல் வாசலுக்கு நிறம்

வாசலில் மாமரமும் வேம்பும் கவிந்து நின்றால் ரோஜாவும் செம்பருத்தியும் பூக்க அடம்பிடிக்கும். குரோட்டன்ஸ்கூட வெயில் குறைந்தால் நிறம் போய்ப் பச்சையாகிவிடும். நர்சரிக்காரர் இதையெல்லாம் சொல்லமாட்டார்!

என் ஓட்டு கனகாம்பரத்துக்குத்தான். இலைகளுக்கிடையே வடிந்து வரும் வெளிச்சமே அதற்குப் போதும். காய்ந்த கதிரில் தண்ணீர் பட்டால் காய் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். மழைக்குப் பின் பார்த்தால் நாம் விதைக்காத இடத்திலெல்லாம் கன்றுகள். கீழே விழும் சருகைக் கூட்டித் தள்ளாமல் மூடாக்காக விட்டால் தண்ணீர் ஊற்றும் வேலையும் பாதி மிச்சம்.

இன்னும் இருட்டான மூலைக்குக் கலேடியம். சிவப்பும் வெள்ளையுமாய் இலையே பூ மாதிரி இருக்கும். பனிக்காலத்தில் இலை மடிந்தால் பிடுங்கி எறியாதீர்கள், கிழங்கு உயிரோடுதான் இருக்கிறது. சேப்பங்கிழங்குக்குச் சொந்தம், வாயில் வைத்தால் அரிக்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் கவனம்.