வாசல் விளக்கை அணைக்க வேண்டுமா?

அமெரிக்க நாட்டில் அக்டோபர் 31ஆம் நாள் இரவை ‘ஹாலோவீன்’ என்று கொண்டாடுகிறார்கள். சிறுவர் சிறுமியர் பேய், சூனியக்காரி என வேடம் புனைந்து, வீடு வீடாகக் கதவைத் தட்டி இனிப்புப் பெறுவர். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம் என்று பொருள். அணைந்திருந்தால் பெரும்பாலும் எவரும் தட்டுவதில்லை. 2023ஆம் ஆண்டு அந்நாளில் நாம் நியூ ஜெர்சியில் நம் மகள் வீட்டில் தங்கியிருந்தோம்.

நம்மை உறுத்தியது இனிப்பன்று; வேடமும் அவ்வளவாக அன்று. எதிர்வீட்டார் தம் புல்தரையில் அட்டையால் மீஸான் கற்கள் நட்டு, மண்ணுக்குள்ளிருந்து எலும்புக் கையொன்று நீண்டு வருவதுபோல் செய்து வைத்திருந்தார்கள். ஆறு வயதுப் பேத்தி அதைக் கண்டு, “நன்னியும் இப்படித்தான் இருக்காங்களா, நன்னா?” என்று கேட்டாள். அவள் நன்னியை நாம் கபுரில் வைத்து அப்போது எட்டு மாதங்களே ஆகியிருந்தன. “இல்லை கண்ணே, நன்னி அல்லாஹ்வின் பொறுப்பில் இருக்காங்க” என்றோம். பர்ஸக் வாழ்வைப் பற்றி மதரஸாவில் மணிக்கணக்கில் பாடம் நடத்தியிருந்தும், அதற்குமேல் நமக்குச் சொல் எழவில்லை.

இத்தனைக்கும், நவம்பர் 1 கிறிஸ்தவர்களின் புனிதர் அனைவருக்குமான திருநாள். மறுநாள் இறந்தோர் அனைவரையும் நினைவுகூரும் நாள். இடைக்கால இங்கிலாந்தில் ஏழைகள் இந்நாட்களில் வீடுதோறும் சென்று, சிறு அப்பங்களைப் பெற்றுக்கொண்டு, அவ்வீட்டில் இறந்தோருக்காக இறைஞ்சினர். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவில் அந்த இடத்தைப் பறங்கிக்காய் பிடித்துக்கொண்டது. (பறங்கியர் பெயரால் நாம் அழைக்கும் அக்காயின் பிறந்தகமும் அமெரிக்காதான்.) கதவைத் தட்டுதலும் விளக்கும் எஞ்சின, இறைஞ்சுதல் உதிர்ந்துபோயிற்று.

விளக்கை அணைத்துவிட்டு மாடிக்குச் சென்றுவிடுவதே பேணுதல் என்றார் மருமகன். மகளோ, “தெருப் பிள்ளைகள் எல்லாம் போகும்போது நம்ம பிள்ளை மட்டும் இருட்டில் உட்காரணுமா, அத்தா?” என்றாள். பயணத்தில் உறங்கிய தோழர் ஒருவரின் கயிற்றை மற்றொருவர் எடுக்க, அவர் திடுக்கிட்டெழுந்தார். ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமை அச்சுறுத்துவது ஆகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அப்போது தடுத்த செய்தி அபூதாவூதில் உண்டு. விளையாட்டுக்காக வெருட்டுவதும் கூடாது என்பதற்கு அதுவே போதும். ஆனால் ஆடறுத்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள், யூத அண்டைவீட்டாருக்கு அனுப்பினீர்களா என்று வினவியதும் அதே நூலில்தான் இருக்கிறது. இந்நாளை அறவே ஒதுக்கச் சொல்லும் ஆலிம்கள் பலர். அவர்கள் எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதை நாம் அறிவோம். எனினும் அண்டைவீட்டுக் குழந்தை வரும் நேரம் பார்த்து விளக்கை அணைப்பதைப் பேணுதல் என்று சொல்ல நம் மனம் ஒப்பவில்லை.

மகளே ஒரு வழி கண்டாள். வேர்க்கடலை முதலியன ஒவ்வாத பிள்ளைகளுக்காக, 2014 முதல் அந்நாடெங்கும் பல வீட்டார் பறங்கிக்காய்க்கு மயில்கழுத்து வண்ணம் தீட்டி வாசலில் வைக்கிறார்கள். தின்பண்டமல்லாத பரிசு இங்கே கிடைக்கும் என்பதற்கு அது அடையாளம். பன்றியின் ஜெலட்டின் கலந்திருக்குமோ என்று இனிப்பு உறைகளைப் படித்துப் படித்துச் சலித்திருந்த மருமகனுக்கும் இது பிடித்துப்போயிற்று. பேய் முகம் செதுக்காமல் காயை முழுதாகவே வைத்து, பேத்தியும் அவரும் சேர்ந்து வண்ணம் தீட்டினார்கள்.

அன்று மாலை பேத்தி பெருநாள் உடுப்பில் வாசற்படியில் அமர்ந்து, வந்த பிள்ளைகளுக்கெல்லாம் பென்சில் கொடுத்தாள். நடுவில் நம்மிடம் வந்து, “நான் கொடுக்கிறதோட நன்மை நன்னிக்குப் போகுமா?” என்றாள். நிய்யத் வைத்துக் கொடுத்தால் இன்ஷா அல்லாஹ் போகும் என்றோம். அதன்பிறகு ஒவ்வொரு பென்சிலுக்கும் அவள் உதடு அசைவதைக் கண்டோம். எட்டு மணிக்குள் பென்சில்கள் தீர்ந்துவிட்டன. மருமகன் காரை எடுத்துக்கொண்டு கடைக்கு விரைந்தார்.