கடிகாரம் மாறாத நாடு... நேரம் மாறும் திருப்பூர்!

மார்ச் கடைசி ஞாயிறு முடிந்து திங்கள் விடிந்தால், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பல மெர்ச்சண்டைசர்களின் மதியச் சாப்பாட்டு நேரம் இடம் மாறிவிடும். காலை 9 மணிக்கு லண்டனில் அலுவலகம் வந்ததும் போன் செய்யும் பையர், முந்தைய வாரம் வரை நம் நேரப்படி 2.30 மணிக்கு அழைத்திருப்பார். இனி 1.30 மணிக்கே அழைப்பார். நம் ஊர் கடிகாரம் மாறவில்லை. மாறியது அவர்களுடைய கடிகாரம்!

இதற்குப் பெயர்தான் 'டே லைட் சேவிங்'. கோடையின் நீண்ட பகலைப் பயன்படுத்திக்கொள்ள, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கி அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இது நடக்கும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை. நியூயார்க்கின் காலை 9 மணி, கோடையில் திருப்பூருக்கு மாலை 6.30; குளிர்காலத்தில் இரவு 7.30.

குழப்பமே இடைப்பட்ட வாரங்களில்தான். மார்ச்சில் அமெரிக்கா முந்திக்கொள்ளும்; ஐரோப்பா இரண்டு, மூன்று வாரம் கழித்தே மாறும். அந்த நாள்களில் நியூயார்க் போன் ஒரு மணி நேரம் முன்னதாகவே வரும், லண்டன் போன் பழைய நேரத்துக்கே வரும்.

சரி, இந்தியா ஏன் கடிகாரத்தைத் தொடுவதில்லை? பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க, பகலின் நீளம் ஆண்டு முழுக்கப் பெரிதாக மாறாது. திருப்பூரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றே கால் மணி நேரம்தான். லண்டனிலோ எட்டு மணி நேரத்துக்கும் மேல்!

உத்தரப்பிரதேசத்தின் மிர்சாபூர் அருகே செல்லும் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைதான் இந்திய நேரத்துக்கு அடிப்படை. 1906 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் ரயில்கள் ஓடியது, இதைவிட சுமார் 9 நிமிடம் பின்தங்கிய 'மெட்ராஸ் டைம்' கணக்கில். திருப்பூர் அந்த ரேகைக்கு மேற்கே இருப்பதால், இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் சராசரியாக 12.20 காட்டும்.

இந்தியாவும் ஒருமுறை முள்ளை நகர்த்தியிருக்கிறது. இரண்டாம் உலகப் போர் காலத்தில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே வைக்கப்பட்டது. அண்டை நாடான இலங்கை 1996-ல் நேரத்தை மாற்றி, 2006 ஏப்ரலில் மீண்டும் இந்திய நேரத்துக்கே திரும்பியது. சீக்கிரம் விடியும் அசாமின் தேயிலைத் தோட்டங்களில், ஒரு மணி நேரம் முந்திய 'பாகான் டைம்' இன்றும் புழக்கத்தில் உண்டு.

திருப்பூரில் இந்த ஒரு மணி நேரத்தின் விலை குளிர்காலத்தில்தான் தெரியும். மேலை நாடுகளின் கோடைக்கான பருத்தி ஆடைகள் இங்கே பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் தயாராகின்றன. சாம்பிளுக்கு பையர் 'ஓகே' சொல்லாமல் கட்டிங் டேபிளில் துணி விழாது. நியூயார்க் அலுவலகம் திறக்கவே இரவு 7.30 ஆகிவிடும். ஏழு மணிக்கு மெர்ச்சண்டைசர் வீட்டுக்குக் கிளம்பினால், ஒரு சந்தேகத்துக்கான பதில் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகும். ஆனால், ஷிப்மென்ட் தேதி ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது.

தொலைந்த அந்த நாளை ஈடுகட்டுவது பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கும் டெய்லரும், அருகில் நிற்கும் கைமடிப் பெண்ணும்தான். ஒரு ஷிஃப்ட் ஒன்றரை ஷிஃப்ட்டாக நீளும். சனிக்கிழமை சம்பளக் கவர் கொஞ்சம் கனக்கும். கணவன், மனைவி இருவரும் கம்பெனிக்குப் போகும் வீடுகளில் பிள்ளைகள் தனியாகச் சாப்பிட்டுத் தூங்கிவிடுவார்கள்.

இதைக் குறைக்க எளிய வழிகள் உண்டு. சந்தேகங்களைத் துண்டுதுண்டாக அனுப்பாமல், மாலை 5 மணிக்குள் ஒரே மெயிலில் அனுப்பிவிட்டால், பையர் கம்ப்யூட்டரைத் திறந்ததும் பதில் தர முடியும். மீட்டிங் நேரத்தை மொபைல் காலண்டரில் பையரின் ஊர் நேரப்படி பதிந்தால், மாற்றத்தை போனே கணக்கிட்டுக்கொள்ளும்.

கடிகாரம் மாற்றும் வழக்கத்தை நிறுத்தலாம் என ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019-லேயே வாக்களித்தது. உறுப்பு நாடுகளிடையே உடன்பாடு வராததால், அது நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே, அக்டோபர் கடைசி ஞாயிறை திருப்பூர்க்காரர்கள் இப்போதே காலண்டரில் வட்டமிட்டு வைப்பது நல்லது!