ஒரு நாடாவில் இரு வட்டுகள்

மும்பை மாதுங்காவில் எம் இல்லத்து மூலையில் 2002ஆம் ஆண்டில் வாங்கிய மேசைக் கணினி ஒன்று உறங்கிக் கிடந்தது. அதனினும் பழைய கணினியிலிருந்து கழற்றிய ‘ஹார்டு டிஸ்க்’ எனும் வன்வட்டு ஒன்றும் அலமாரியில் இருந்தது. காலஞ்சென்ற எம் அன்னையார் 2000ஆம் ஆண்டில் எம் மகனுக்குக் கதை சொல்லிய குரல் அவ்வட்டில் பதிந்திருந்தது. வேறெங்கும் அதற்குப் படி இல்லை.

ஒரு ஞாயிறன்று அதனை மீட்கத் துணிந்தோம். மின்னிணைப்பை அகற்றிப் பெட்டியைத் திறந்தோம். அகன்ற நாடாக் கம்பியின் சிவப்புக் கோடு முதல் ஊசியின் பக்கம் அமைய, இரு வட்டுகளையும் ஒரே நாடாவில் பொருத்தினோம். விசையை அழுத்தினோம். இரண்டில் ஒன்றையும் திரை காட்டவில்லை. குரல் போயிற்றோ என நெஞ்சம் பதறியது.

பிழை எம்முடையதே. ஐ.டி.இ. முறையில் ஒரு நாடாவில் இரு வட்டுகள் இருக்கலாம். ஆயின் ஒன்று ‘மாஸ்டர்’, மற்றது ‘ஸ்லேவ்’ என அமைதல் வேண்டும். யாமோ இரண்டையும் மாஸ்டராகவே விட்டிருந்தோம். வட்டின்மேல் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து, ஊசிகளை இணைக்கும் ‘ஜம்பர்’ எனும் சிறு துண்டைப் பிடுங்கி இடம் மாற்றினோம். ‘பயாஸ்’ திரையில் இரண்டும் தோன்றின. முதலில் படியெடுத்தோம், பின்னரே கேட்க அமர்ந்தோம்.

கதையின் நடுவே, “உம் கொட்டுடா கண்ணா” என்று நிறுத்தினார் அன்னையார். அன்று உம் கொட்டிய மகன் வாய்திறவாது நின்றான். மராத்தியில் விளையாடித் திரியும் அவன் மகனே, “உம்” என்றான்.

அன்பர்களே, உங்கள் அலமாரியிலும் இத்தகைய வட்டு இருக்கக்கூடும். நாளை என்னாது இன்றே படியெடுத்து வையுங்கள்.