வினாவும் வினாக்குறியும்

பாகூர் பழம்பெருமை உடைய ஊர். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், இவ்வூரின் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. வடமொழியிலும் தமிழிலும் பொறிக்கப்பட்ட அவ்வேடுகளில் வினாக்குறியைத் தேடினால் கிடைக்காது. அக்காலக் கல்வெட்டுகளிலும் ஓலைச்சுவடிகளிலும் அக்குறி இல்லை. அப்படியாயின், முன்னோர் கேள்வியை எழுத்தில் எவ்வாறு உணர்த்தினர்?

தமிழ்ச் சொல்லே அதனை உணர்த்தியது. ஆ, ஏ, ஓ என்னும் மூன்றையும் தொல்காப்பியர் வினா எழுத்துகளாகக் கூறினார். நன்னூலார் எ, யா என்பவற்றையும் சேர்த்து ஐந்தாக்கினார். எவன், யார் எனச் சொல்லின் முதலிலோ, வந்தானா, வந்தானோ எனச் சொல்லின் இறுதியிலோ நின்று இவை வினாப்பொருள் தரும். ஐரோப்பியர் வழி அச்சுக்கலை வந்தபின் நிறுத்தற்குறிகளும் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றைத் தமிழ் உரைநடையில் பரவச் செய்தவர்களுள் ஆறுமுக நாவலர் குறிப்பிடத்தக்கவர்.

ஆங்கிலத்தின் நிலை வேறு. அங்கே வினாச் சொற்களும் சொற்களின் இடமாற்றமும் கேள்வியைக் காட்டும். ஆயினும் 'யூ சா த லேக்' என்னும் தொடரில் இவ்விரண்டும் இல்லை. முற்றுப்புள்ளி இட்டால் 'நீ ஏரியைப் பார்த்தாய்' என்பது பொருள்; வினாக்குறி இட்டால் 'நீ ஏரியைப் பார்த்தாயா?' என்பது பொருள். தமிழில் 'ஆ' செய்யும் பணியை அங்கே குறி ஒன்றே செய்கிறது. பேச்சில் குரல் உயர்வது எழுத்தில் அக்குறியாக நிற்கிறது.

வில்லியனூரிலோ பாகூரிலோ தமிழையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே கற்கும் மாணவர் பெரிதும் தடுமாறுவது மற்றோரிடத்தில். 'ஏரி எப்போது நிரம்பும்?' என்பது நேர்வினா. 'ஏரி எப்போது நிரம்பும் என்று உழவர் கேட்டார்' என்பது செய்தி. 'எப்போது' என்னும் சொல்லைக் கண்டவுடன் இரண்டாவதற்கும் வினாக்குறி இடுவது பிழை. அத்தொடர் எதனையும் கேட்கவில்லை. ஒருவர் கேட்டதை அறிவிக்கிறது. ஆங்கிலத்துக்கும் இவ்விதி பொருந்தும். தொடருக்குள் வினாச்சொல் இருக்கிறதா என்று பாராமல், முழுத்தொடர் விடையை வேண்டி நிற்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.

இவ்வேறுபாடு தேர்வுத்தாளின் எல்லையோடு நின்றுவிடுவதன்று. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு ஊரார் விண்ணப்பம் எழுதுவதாகக் கொள்வோம். 'மதகு எப்போது சீராகும் என்று ஊரார் கவலையுறுகின்றனர்' என்று எழுதினால், அது கவலையைத் தெரிவிக்கும், விடையைக் கோராது. 'மதகைச் சீர்செய்ய ஒதுக்கிய தொகை எவ்வளவு? பணி தொடங்கிய நாள் எது?' என்று எழுதினால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விடை எழுதியாக வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இத்தகைய கேள்விகளுக்கு வலுவூட்டுகிறது. கேட்பவர் தம் கேள்விக்குக் காரணம் கூற வேண்டியதில்லை. பொதுவாக முப்பது நாள்களுக்குள் மறுமொழி தரப்பட வேண்டும். அச்சட்டத்தின்வழிப் பெறக்கூடியது ஆவணத்தில் உள்ள தகவலே. ஆதலால் எதைக் கேட்கிறோம் என்பதில் தெளிவு இன்றியமையாதது.

வினாவை அறுவகையாகப் பகுக்கும் நன்னூல், அறிவினாவோடு அறியாவினாவையும் வைத்து எண்ணுகிறது. விடை தெரிந்த ஆசிரியர் மாணவரிடம் கேட்பது முதல்வகை. தெரியாத மாணவர் ஆசிரியரிடம் கேட்பது இரண்டாம் வகை. அறியாமையிலிருந்து எழும் கேள்விக்கும் இலக்கணம் உரிய இடம் அளித்திருக்கிறது. எனினும் 'பிறர் நகைப்பரோ' என்றெண்ணி வகுப்பில் வாய் திறவாதிருப்போர் பலர். வகுப்பில் கேட்கக் கூசியவர், பின்னாளில் அலுவலகத்தின் முன்னும் கூசி நிற்க நேரும். கேட்கப்படாத கேள்விக்கு எந்த மொழியிலும் குறி இல்லை, விடையும் இல்லை.