என் பேருக்கு எழுதாதே

தேனி,
18.11.2024

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் மகன் கொண்டுவந்து கொடுத்த இரண்டு வரைவுப் பத்திரங்களையும் படித்துவிட்டேன். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே வெட்டிவிட்டு ஒரு வாரம் பேசாமல் இருப்பாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்தை என் பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். காமயகவுண்டன்பட்டி ரோட்டுத் தென்னந்தோப்பை உன் மச்சினன் பேருக்குக் கிரயம் போடுவதும் வேண்டாம். அதில் சாட்சிக் கையெழுத்துக்குக்கூட என்னைக் கூப்பிடாதே.

கோபம் வரும். வரட்டும், மேலே படி.

பத்திர எழுத்தர் கெட்டிக்காரர்தான். சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லை எல்லாம் சுத்தமாக இருக்கிறது. "தமக்கையின் மீதுள்ள அன்பையும் பிரியத்தையும் முன்னிட்டு" என்று வழக்கமான வாசகத்தைப் போட்டிருக்கிறார். உரக்கடைக்காரர் கடனைக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய அதே மாதத்தில் உனக்கு என் மேல் பிரியம் பொங்கியிருக்கிறது! இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த முன்சீப்புக்கும் சிரிப்பு வரும். "இது உன் பங்குதானே அக்கா" என்று சொல்லச் சொல்லி அனுப்பியிருக்கிறாய். அப்பா போன பிறகு நான் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் கம்பம் சார்பதிவகத்தில் ஒன்றாம் புத்தகத்தில் கிடக்கிறது. வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவளுக்கு இத்தனை வருஷம் கழித்து மொத்தத் தோட்டமும் எப்படிப் பங்காக வந்தது என்று கேட்டால் நீ என்ன சொல்வாய்?

மச்சினன் கிரயம் இதைவிட மோசம். எனக்கு எழுதினால் குடும்பச் சலுகை உண்டு. முத்திரைத்தீர்வை 40,000, பதிவுக் கட்டணம் 10,000 என்று உச்சவரம்பு இருக்கிறது. பெண்டாட்டியின் தம்பியை நம் பதிவுத்துறை குடும்பத்தில் சேர்ப்பதில்லை. 7 சதவீதம் முத்திரை, 2 சதவீதம் கட்டணம். இல்லாத வியாபாரத்துக்கு நூற்றுக்கு ஒன்பது ரூபாய் அரசாங்கத்துக்கு. அந்தக் காசை உரக்கடையில் கட்டினால் அவர் பாதி சமாதானம் ஆகியிருப்பார். "கிரயத் தொகை முழுவதையும் ரொக்கமாக முன்னரே பெற்றுக்கொண்டேன்" என்று வேறு எழுதியிருக்கிறார். நிலத்துக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக்கூடாது என்று 2015-லேயே வருமான வரிச் சட்டம் மாறிவிட்டது. வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதம். வாங்காத பணத்துக்கு நீயே வாக்குமூலம் கொடுக்கிறாய்.

"கேஸ் போடுவதற்கு முன்னாடி கைமாற்றிவிட்டால் எவனும் ஒன்றும் பண்ண முடியாது" என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். டீக்கடை பெஞ்சில் இந்தச் சட்டத்துக்கு ரொம்ப நாளாக மவுசு. நிஜச் சட்டம் வேறு. 1882-ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு, கடன்காரர்களுக்குக் கிடைக்காமல் செய்யவோ இழுத்தடிக்கவோ எழுதிய பத்திரத்தை அந்தக் கடன்காரர் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம் என்கிறது. கேஸ் முன்னாடியா பின்னாடியா என்பது அதில் கேள்வியே இல்லை. எந்த எண்ணத்தில் எழுதினாய் என்பதுதான் கேள்வி. மனசில் இருந்ததை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்பாய். அதற்கு நானூறு வருஷத்துப் பழைய வழி இருக்கிறது. இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பக்கம் பியர்ஸ் என்று ஒருவர். ட்வைன் என்பவருக்கு 400 பவுண்டு, இன்னொருவருக்கு 200 பவுண்டு கடன். அந்த இன்னொருவர் வழக்குப் போட்டதும் பியர்ஸ் தன்னிடம் இருந்ததையெல்லாம் ரகசியமாக ட்வைன் பேருக்கு எழுதிவிட்டார். எழுதின பிறகும் ஆடுகள் அவர் பட்டியில்தான் நின்றன. மயிர் கத்தரித்ததும் அவர், ஆட்டுக்கு அடையாளம் போட்டதும் தன் அடையாளத்தையே. நீதிமன்றம் அதைப் பிடித்துக்கொண்டது. ஒன்றும் மிச்சமில்லாமல் எழுதினாயா, ரகசியமாக எழுதினாயா, வழக்கு தலைக்கு மேல் நிற்கும்போது எழுதினாயா, எழுதின பிறகும் அனுபவம் உன்னிடமே இருக்கிறதா என்று அன்றைக்குக் கேட்டதைத்தான் உத்தமபாளையம் கோர்ட்டில் இன்றைக்கும் கேட்பார்கள். பத்திரம் அக்கா பேரில் இருக்கும். பந்தலில் கவாத்து வெட்டுகிறவன் நீ, மருந்தடிக்கிறவன் நீ, பன்னீர்த் திராட்சைக்கு வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்குகிறவனும் நீ. மோட்டார் கனெக்‌ஷன்கூட உன் பேரில்தான்.

கடன்காரர் இதற்கென்று தனி வழக்குக்கூடப் போட வேண்டியதில்லை. அவர் ஜப்தி கொண்டுவந்து, நான் போய் "இது என் சொத்து" என்று சொன்னால், "அது ஏமாற்றுப் பத்திரம்" என்று அங்கேயே எதிர்வாதம் வைக்கலாம் என்று 1920-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லிவிட்டது. 1963-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. உன் எண்ணம் கெட்டது என்று அவர் காட்டிவிட்டால் போதும், நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கினேன் என்று நிரூபிக்க வேண்டியது வாங்கினவர் பாடு. என்னிடம் என்ன இருக்கிறது காட்ட? வில்லங்கம் பார்க்கக் கடன்காரர் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டிய காலமும் போய்விட்டது, கையில் இருக்கும் போனிலேயே பார்க்கலாம். நீ எழுதின மறுநாள் அவருக்குத் தெரியும். வழக்குப் போட்ட கையோடு, தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்டு மனுப் போடுவார். இந்தப் பத்திரங்களே அவருக்கு முதல் ஆதாரம். பொய்யான பிரதிபலன் எழுதின பத்திரத்தில் தெரிந்தே கையெழுத்துப் போடுகிற எல்லோருக்கும் தண்டனைச் சட்டமும் உண்டு. பழைய சட்டத்தில் 423-ஆம் பிரிவாக இருந்தது, இந்த ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 322. உன் மச்சினன் பாவம், அவனுக்கு இதெல்லாம் சொன்னாயா?

"ரொம்பப் போனால் மஞ்ச நோட்டீஸ் கொடுத்துவிடுவேன்" என்று உன் மகனிடம் சொன்னாயாமே. 1920-ஆம் வருஷத்துத் திவால் சட்டத்தில் இரண்டு வருஷம் பின்னோக்கிப் பார்ப்பார்கள். அந்த இரண்டு வருஷத்துக்குள் சும்மா எழுதிக்கொடுத்ததையெல்லாம் கோர்ட் நியமிக்கிற ரிசீவர் திரும்பப் பிடிக்கலாம். கடன்காரரை ஏமாற்ற ஒரு பத்திரம் எழுதினாலே அது திவால் செயல் என்கிறது அந்தச் சட்டம். அதை வைத்து மூன்று மாசத்துக்குள் கடன்காரர்களே மனுப் போட முடியும். மஞ்ச நோட்டீஸ் நீ கொடுக்க வேண்டியதில்லை, உனக்கு வரும்.

சரி, கோர்ட்டை விடு. ஒருவரும் வழக்குப் போடவில்லை, பத்திரம் அப்படியே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் எனக்கு இன்னும் பயம். நான் நாளைக்கே கண்ணை மூடினால் தோட்டம் உன்னிடம் திரும்பி வராது. உன் மச்சானுக்கும் என் இரண்டு பிள்ளைகளுக்கும் சரிபாகமாகப் போகும். பெரியவன் பெங்களூரில் வீட்டுக்கடன், கார்க்கடன் என்று கழுத்துவரை நிற்கிறான். அவன் பங்கை அவன் கடன்காரன் ஜப்தி பண்ணினால் நீ யாரிடம் போய் முறையிடுவாய்? என் பிள்ளைகள் நல்லவர்கள், மருமகளும் நல்லவள். அவளுடைய அண்ணனுக்கு என்ன வந்தது உன் தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல? சார்பதிவகத்தில் வேலை பார்த்த காலத்தில் இந்தக் கூட்டத்தை எவ்வளவு பார்த்திருக்கிறேன். "சும்மாதானே சார் எழுதினோம், ரத்துப் பண்ணிக் கொடுங்க" என்று வந்து நிற்பார்கள். எழுதி வாங்கினவர் வந்து கையெழுத்துப் போட்டால் ஒழிய ஒன்றும் நடக்காது. அவர் வரமாட்டார். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று பார்க்காமல் அதே வளாகத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு.

ஆந்திராவிலிருந்து இப்படி ஒரு வழக்கு 1960-களின் ஆரம்பத்தில் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கடன்காரர்களை ஏமாற்ற எழுதின பத்திரத்தை வைத்துக்கொண்டு, எழுதி வாங்கின தரப்பே சுவாதீனம் கேட்டு வழக்குப் போட்டது. இரண்டு தரப்புமே சேர்ந்து செய்த மோசம், அதற்குக் கோர்ட் கைகொடுக்காது, இருக்கிறவரிடமே இருக்கட்டும் என்று முடிந்தது. அங்கே அனுபவம் எழுதினவர் பக்கம் இருந்ததால் அவர்கள் தப்பினார்கள். உன் தென்னந்தோப்பில் நாளைக்கு உன் மச்சினன் ஆளை விட்டுக் காய் வெட்டினால் அதே தீர்ப்பு உனக்கு எதிராக நிற்கும்.

உனக்குக் கடன் வந்த விதம் எனக்குத் தெரியும். 2018 வெள்ளத்துக்கும் அடுத்து வந்த வறட்சிக்கும் பிறகு, 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் தொட்டது. அதைப் பார்த்துத்தான் வண்டன்மேட்டுப் பக்கம் தோட்டம் குத்தகைக்கு எடுத்தாய். மூன்று வருஷத்தில் விலை ஆயிரத்துக்கும் கீழே வந்து நின்றது. போடியிலும் கம்பத்திலும் அப்படி விழுந்தவர்கள் நிறையப் பேர். யாரும் உன்னை அதற்காகக் கேவலமாகப் பேசவில்லை. பேச ஆரம்பிப்பது இந்தப் பத்திரம் வில்லங்கத்தில் ஏறின பிறகுதான்.

நீ பயப்படுகிற அளவுக்குச் சட்டம் உன்னை நடுத்தெருவில் விடாது. உரக்கடைக்காரர் டிக்ரி வாங்கினாலும், சொந்தமாக உழுது அதிலேயே பிழைக்கிறவன் குடியிருக்கிற வீட்டையும், உழவுக்கு வேண்டிய மாட்டையும் கருவியையும் விதையையும் ஜப்தி செய்ய முடியாது. சமையல் பாத்திரமும் தாலியும் அப்படியே. சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆவது பிரிவு, உன் வக்கீலிடம் கேள். பேங்க்காரர் கோர்ட்டுக்குப் போகாமல் ஏலம் விடுகிற 2002-ஆம் வருஷத்துச் சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது. ஆனால் பேங்கில் அடமானம் வைத்த தென்னந்தோப்பை நீ யார் பேருக்கு எழுதினாலும் அடமானமும் கூடவே போகும். அது உனக்கே தெரியும், தெரிந்தும் மச்சினன் தலையில் கட்டப் பார்க்கிறாய்.

எல்லாக் கடனையும் ஒரே தட்டில் வைக்காதே. பேங்க் காத்திருக்கும். உரக்கடைக்காரரும் கமிஷன் மண்டியும் வியாபாரிகள், வட்டியில் விட்டுக்கொடுத்துப் பேச்சுக்கு வருவார்கள். அந்த மீட்டர் வட்டிக்காரனைப் பற்றிக் கவலையே வேண்டாம். 2003 கந்துவட்டித் தடைச் சட்டத்தில் மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் என்று பேர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறார்கள். அவன் வீட்டு வாசலில் வந்து நின்றால் கலெக்டர் ஆபீசுக்கு நானே மனு எழுதித் தருகிறேன். எனக்குத் தூக்கம் வராதது கீழத்தெரு அம்மா விஷயத்தில்தான். புருஷன் செத்து வந்த பணத்தை, புரோநோட்டுகூட இல்லாமல் உன் கையில் கொடுத்தவர். அவருக்கு 53-ஆவது பிரிவும் தெரியாது, உத்தமபாளையம் கோர்ட்டும் தெரியாது. இந்தப் பத்திரம் நிஜமாகவே ஏமாற்றப்போவது அவர் ஒருத்தரைத்தான். என் பேரை வைத்து அதை நடக்கவிட மாட்டேன்.

தோட்டத்தை என் பேருக்கு எழுத வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தால், நிஜமாகவே விற்று விடு. தோட்டத்தின் மேற்குப் பக்கம் வாய்க்கால் ஓரமாக ஓர் ஏக்கரை மட்டும், இன்றைய விலைக்கு நான் வாங்கிக்கொள்கிறேன். எனக்கு வந்த ரிடையர்மெண்ட் பணம் டெபாசிட்டில் இருக்கிறது. உன் மச்சானிடம் பேசிவிட்டேன், அவர் சரி என்றார். செக் உன் பேருக்கு வராது. முதல் செக் கீழத்தெரு அம்மாவுக்கு, அடுத்தது உரக்கடைக்கு, மிச்சம் மண்டிக்கு. நிஜமான கடனில் ஒருவருக்கு முதலில் கொடுத்து இன்னொருவரைக் காக்க வைப்பது மோசடி ஆகாது என்று 1915-லேயே லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லியிருக்கிறது. திவாலுக்குப் போகாமல் இருந்தால் அது உனக்கும் பொருந்தும். வாங்கின பிறகு அந்த ஏக்கர் என்னுடையது. பட்டா மாற்றுவேன், வேலிக்கல் நடுவேன், கூலிக்கு ஆள் வைப்பேன். நாளைக்கு "அக்கா, அதைத் திருப்பிக் கொடு" என்று வந்து நின்றால் கொடுக்க மாட்டேன். இப்போதே சொல்லிவிட்டேன்.

தென்னந்தோப்பை வெளியாளுக்கு விற்கப் பார். பேங்கில் போய் அடமானத்தைத் தீர்த்து விற்க அனுமதி கேள், கொடுப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வா. மூலப்பத்திரம், பேங்க் கணக்கு, மண்டிச் சிட்டை, வக்கீல் நோட்டீஸ் எல்லாம் கொண்டு வா. யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் நீயே உன் கையால் எழுதிக் கொண்டு வா, மகனை எழுதச் சொல்லாதே. மீட்டர் வட்டிக்காரனிடம் வெற்று முத்திரைத்தாளிலோ செக்கிலோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுது. தம்பி பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வா. போன வாரம் பேசும்போது தீபாவளிச் சீட்டுப் பணத்தைப் பற்றித்தான் கேட்டாள், அவளுடைய தம்பி பேரில் பத்திரம் தயாராவது அவளுக்கே தெரியவில்லை. அவள் இல்லாமல் நான் பேச ஆரம்பிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அக்கா